கட்சிக்குத் தெரியும் வாக்கு, தொகுதிக்குத் தெரியாத வாக்கு

2024 ஜனவரியில் சித்தூர் சட்டமன்ற உறுப்பினர் ஆரணி ஸ்ரீனிவாசுலுவுக்கு மறுபடியும் அந்தத் தொகுதியைத் தருவதில்லை என்று ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் முடிவெடுத்தது. அதற்கு ஈடாக அவரை மாநிலங்களவைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அந்த நாட்களில் நாளேடுகள் எழுதின. பிப்ரவரியில் பட்டியல் வந்தபோது ஒய்.வி. சுப்பா ரெட்டி, கொல்ல பாபுராவ், மேடா ரகுநாத ரெட்டி ஆகிய மூவர் பெயர்தான் அதில் இருந்தது. மார்ச்சில் ஸ்ரீனிவாசுலு ஜனசேனாவில் சேர்ந்தார். ஜூனில் வாக்கு எண்ணியபோது அறுபதாயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் திருப்பதியின் சட்டமன்ற உறுப்பினரானார். ஓர் அரசியல்வாதி கட்சி மாறினார், ஊர் மாறினார், வென்றார் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். அவர் மீது எனக்குக் குறையும் இல்லை. 2019இல் சித்தூர் மக்களும் 2024இல் திருப்பதி மக்களும் அவரை நேரடியாகவே தேர்ந்தெடுத்தார்கள். இந்தக் கதையின் நடுவில் வந்துபோன அந்த மாநிலங்களவை இடத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அது ஆந்திர மாநிலத்தின் இடம். அதை யாருக்குத் தருவது என்ற பேச்சு ஒரு மாதம் முழுக்க நடந்தது. அந்தப் பேச்சில் எந்த இடத்திலும் சட்டமன்றம் வரவில்லை. தொகுதி இழந்தவருக்கு ஆறுதலாகத் தரக்கூடிய ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதுபோலவே எல்லோரும் பேசினார்கள். அதில் யாருக்கும் வியப்பும் இல்லை.

அரசியலமைப்பு சொல்வது வேறு. 80ஆம் பிரிவின்படி மாநிலங்களவைக்கான பிரதிநிதிகளை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் விகிதாசார முறையில், ஒற்றை மாற்று வாக்கின் வழியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆந்திரத்துக்கு 11 இடங்கள், சட்டமன்றத்தில் 175 பேர். பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து மட்டும் 14 பேர் அங்கே உட்காருகிறார்கள். குப்பத்திலிருந்து சத்தியவேடு வரை, நகரியிலிருந்து தம்பள்ளபல்லி வரை உள்ள வாக்காளருக்கு மாநிலங்களவையோடு இருக்கும் ஒரே தொடர்பு இந்த 14 பேரின் வாக்குதான். அந்த அவை அலங்காரத்துக்கு வைத்ததும் அல்ல. மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்று 249ஆம் பிரிவின்கீழ் அனுமதி தரும் அதிகாரம் மாநிலங்களவைக்கு மட்டுமே உண்டு, மக்களவைக்குக் கிடையாது. புதிய அகில இந்தியப் பணிகளை உருவாக்கும் வழியைத் திறப்பதும் அதுவே. ஆந்திரத்துக்கு இதை ஏட்டுப் பாடமாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. 2014 பிப்ரவரி 20 அன்று மாநிலப் பிரிவினை மசோதா நிறைவேறியதும், எஞ்சிய ஆந்திரத்துக்கு ஐந்தாண்டு சிறப்பு அந்தஸ்து தரப்படும் என்று பிரதமர் மன்மோகன் சிங் வாக்குக் கொடுத்ததும் மாநிலங்களவையில்தான். ராயலசீமையின் நான்கு மாவட்டங்களும் அந்த வாக்குறுதியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று நரேந்திர மோடி திருப்பதி மேடையில் அதை மறுபடி சொன்னார். நான்கு ஆண்டு கழித்து அதே திருப்பதியில், அதே தேதியில் சந்திரபாபு நாயுடு கூட்டம் போட்டு அந்த வாக்கு காற்றோடு போனதைக் கேட்டார். ஒரு மாநிலத்தின் பத்தாண்டு அரசியலைத் தீர்மானித்த சொல் பிறந்த அவை அது. அங்கே யார் உட்காருவது என்பதை மாநிலம் தன் கையில் வைத்திருக்க வேண்டாமா?

வைத்திருக்கவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2022 ஜூனில் நான்கு இடங்கள், 2024 பிப்ரவரியில் மூன்று, 2024 டிசம்பரில் மூன்று, 2025 மே மாதத்தில் ஒன்று: நான்கு தேர்தல்களில் ஆந்திரத்திலிருந்து 11 தேர்வுகள் நடந்தன. நான்கிலும் போட்டி இல்லை. எத்தனை இடமோ அத்தனை வேட்பாளர். மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்ததும் சான்றிதழ். 11 தேர்வுகளுக்கும் சேர்த்து ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூடப் பேனாவை எடுத்து ஒரு வாக்கும் பதிவு செய்யவில்லை. மனுத்தாக்கல் செய்யவே பத்து உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும் என்பதால் கட்சிகளுக்கு வெளியே இருக்கும் ஒருவர் வாசலைக்கூட மிதிக்க முடியாது. இவற்றுக்கு முன்பு வாக்குப்பதிவு நடந்தது 2020 ஜூன் 19இல். அன்று நான்கு இடத்துக்கு ஐந்து பேர் நின்றார்கள். பிள்ளி சுபாஷ் சந்திரபோஸ், மோபிதேவி வெங்கடரமணா, அயோத்யராமி ரெட்டி, பரிமள் நத்வானி ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு 38 வாக்கு. தெலுங்கு தேசத்தின் வர்ல ராமையாவுக்கு 17. நான்கு வாக்குகள் செல்லாதவை. தெலுங்கு தேசத்தோடு முரண்பட்டு நின்ற மூன்று பேரின் வாக்குகளும் அதில் அடங்கும்.

நால்வருக்கும் சரியாக 38 என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 152 பேரை நான்காகப் பங்கிட்டு, யார் யாருக்கு முதல் விருப்ப வாக்கைப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினால்தான் இப்படி வரும். ஒற்றை மாற்று வாக்கு முறையில் கட்சிகள் இப்படிப் பங்கிடுவது முறைகேடு அல்ல. வாக்கு வீணாகாமல் இருக்க அதுதான் வழி. ஆனால் பழைய சித்தூர் மாவட்டத்தின் 14 பேரில் 13 பேர் அன்று ஆளுங்கட்சியில் இருந்தார்கள். அவர்களில் யார் வாக்கு பிள்ளி சுபாஷுக்குப் போனது, யார் வாக்கு குஜராத்தைச் சேர்ந்த, ரிலையன்ஸ் நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருந்த பரிமள் நத்வானிக்குப் போனது? மதனப்பள்ளி உறுப்பினர் யாருக்குப் போட்டார், ஸ்ரீகாளஹஸ்தி உறுப்பினர் யாருக்குப் போட்டார்? அந்தத் தொகுதிகளில் வாக்களித்த மக்கள் இதைத் தெரிந்துகொள்ள எந்த அரசுப் பதிவேட்டிலும் வழி இல்லை. ஒருவருக்கு மட்டும் தெரியும். வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்திருந்த கட்சி முகவருக்கு.

2003இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி மாநிலங்களவைத் தேர்தலில் ரகசிய வாக்கை எடுத்தார்கள். இப்போதைய முறையில் உறுப்பினர் வாக்கைக் குறித்ததும், பெட்டியில் போடும் முன் தன் கட்சியின் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் சீட்டைக் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால் வாக்கு செல்லாது. வேறு யாரிடமாவது காட்டினாலும் செல்லாது. 2017 ஆகஸ்டில் குஜராத்தில் இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் அங்கீகாரம் இல்லாத ஆளிடம் சீட்டைக் காட்டினார்கள் என்பதற்காகத் தேர்தல் ஆணையம் நள்ளிரவில் அந்த இரண்டு வாக்குகளையும் தள்ளியது. அகமது பட்டேலின் வெற்றியே அதில் தொங்கியது. இதைத் திறந்த வாக்கு என்று அழைக்கிறோம். யாருக்குத் திறந்தது? கட்சிக்கு மட்டும். சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு அது மூடியே கிடக்கிறது. ரகசிய வாக்குக்கு ஒரு நியாயம் உண்டு: வாக்களிப்பவர் யாருக்கும் அஞ்சாமல் மனசாட்சிப்படி குறிக்கலாம். முழுத் திறந்த வாக்குக்கும் ஒரு நியாயம் உண்டு: பிரதிநிதி தான் செய்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும். நம்மிடம் இருப்பது இரண்டின் நன்மையையும் இழந்த ஒரு முறை. கட்சித் தலைமைக்கு முன் உறுப்பினருக்கு மறைவு இல்லை. மக்களுக்கு முன் அவருக்குப் பொறுப்பு இல்லை. மாநிலங்களவை இடம் ஒருவர் கையால் இன்னொருவருக்குத் தரும் பொருளாக மாறியதன் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

அதே 2003 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. அதுவரை ஒரு மாநிலத்தின் வேட்பாளர் அந்த மாநிலத்திலேயே வாக்காளராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ‘அந்த மாநிலத்தில்’ என்று பொருள்படும் சொற்களை எடுத்துவிட்டு ‘இந்தியாவில்’ என்று மாற்றினார்கள். அதன் பிறகு ஆந்திரத்தின் இடங்கள் போன போக்கைப் பாருங்கள். 2014இல் நிர்மலா சீதாராமன் ஆந்திரத்திலிருந்து தேர்வானார். 2016இல் கர்நாடகத்துக்கு மாறினார். ஹரியாணாவிலிருந்து போயிருந்த மகாராஷ்டிரத்துக்காரர் சுரேஷ் பிரபு அதே 2016இல் ஆந்திரத்துக்கு வந்தார். அதற்கு முன் இரண்டு முறை ஜார்க்கண்டின் பிரதிநிதியாக இருந்த நத்வானி 2020இல் ஆந்திரத்தின் பிரதிநிதியானார். 2022இல் தெலங்கானாவைச் சேர்ந்த ஆர். கிருஷ்ணையாவும் நிரஞ்சன் ரெட்டியும் போனார்கள். கிருஷ்ணா நீரில் ஆந்திரமும் தெலங்கானாவும் எதிரெதிராக நிற்கும் காலம் இது. அப்படிப்பட்ட வழக்குகளில் தன் பிரதிநிதி எந்தக் கரையில் வீடு வைத்திருக்கிறார் என்று ஒரு மாநிலம் கேட்பது குறுகிய மனம் ஆகாது. இவர்களில் எவருடைய திறமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. பிற்படுத்தப்பட்டோருக்காக கிருஷ்ணையா பல பத்தாண்டுகள் உழைத்தவர். ஆனால் ஒருவர் தகுதியானவர் என்பதும், அவர் இந்த மாநிலத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2014 பிப்ரவரி 20 அன்று மாநிலங்களவையில் ஆந்திரத்துக்காக ஓங்கிக் குரல் கொடுத்தவர், ஐந்தாண்டு போதாது பத்தாண்டு சிறப்பு அந்தஸ்து வேண்டும் என்று வாதாடியவர் எம். வெங்கையா நாயுடு. நெல்லூர் மாவட்டத்துக்காரர், ஆனால் அன்று அவர் கர்நாடகத்தின் உறுப்பினர். அசாமில் முகவரி வைத்திருந்த மன்மோகன் சிங்கைப் பற்றியும் இதையே சொல்வார்கள். நல்ல ஆளுக்கு ஊர் எதற்கு என்று கேட்பார்கள். நான் அந்த நிகழ்ச்சியை வேறு விதமாகப் படிக்கிறேன். ஆந்திரத்தின் ஆயுளையே தீர்மானித்த நாளில் அதன் உரிமையை அழுத்தமாகக் கேட்டவருக்கு ஆந்திரச் சட்டமன்றத்தில் ஒரு வாக்கும் கிடைத்ததில்லை; கர்நாடகச் சட்டமன்றம் அவரை அனுப்பியிருந்தது. மண்ணின் மீதான பற்று அவரைப் பேச வைத்தது என்றால், ஊர்த் தொடர்பு வேண்டும் என்ற பழைய சட்டத்தின் நியாயத்தைத்தான் அது காட்டுகிறது. சித்தூரின் வரலாறும் இதில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறது. திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் அய்யங்கார் மக்களவைத் தலைவராக இருந்தவர். 1962இல் அவர் பிகார் ஆளுநராகப் போனபின் நடந்த இடைத்தேர்தலில் குண்டூர் மாவட்டத்துக்காரரான என்.ஜி. ரங்காவைச் சித்தூர் தேர்ந்தெடுத்தது. வெளியூர்க்காரர் என்று சித்தூர் அவரை ஒதுக்கவில்லை. ரங்கா மக்கள் முன் வந்து நின்றார், கேட்டார், வாங்கினார். வெளியிலிருந்து வரும் ஒருவரை மக்களே பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், மக்களுக்குத் தெரியாத அறையில் ஒருவர் பெயரை எழுதி அனுப்புவதும் ஒன்றாகிவிடாது.

திருப்பதிக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 2009இல் பாலகொல்லு, திருப்பதி என இரண்டு தொகுதிகளில் நின்ற சிரஞ்சீவியைப் பாலகொல்லு கைவிட்டது, திருப்பதி ஏற்றது. காங்கிரஸுக்கும் தெலுங்கு தேசத்துக்கும் மாற்று என்று சொன்ன பிரஜா ராஜ்யத்துக்கு விழுந்த வாக்கு அது. 2011இல் கட்சி காங்கிரஸில் கரைந்தது. 2012இல் அவர் காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினரானார், சட்டமன்ற இடத்தை விட்டார், திருப்பதி மறுபடி இடைத்தேர்தலைச் சந்தித்தது. ஊர்க்காரரா வெளியாளா என்ற கேள்வியே இங்கு எழவில்லை. மக்கள் தந்த இடத்தை விட்டுவிட்டுக் கட்சி தந்த இடத்துக்கு ஒருவர் போக முடிந்தது, இரண்டுக்கும் நடுவில் மக்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை என்பதுதான் அதில் உள்ள குறை. ஆகவே வசிப்பிட நிபந்தனை மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பழைய காலத்தில் வாடகை ரசீதும் வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரும் இருந்தால் போதும் என்று அதைச் சடங்காக்கினார்கள். மறுபடி கொண்டுவந்தால் ஐந்தாண்டாவது உண்மையாக வாழ்ந்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை போடவில்லை. மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006 ஆகஸ்ட் 22 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வசிப்பிடம் என்பது அரசியலமைப்பு கட்டாயமாக்கிய தகுதி அல்ல, அதை வைப்பதா எடுப்பதா என்பது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று சொன்னது. எடுக்கும் உரிமை உள்ள அவைக்கு மறுபடி வைக்கும் உரிமையும் உண்டு.

பணத்தைப் பற்றிச் சொல்வார்கள். ரகசிய வாக்கு இருந்த காலத்தில் உறுப்பினர்களை விலைக்கு வாங்கினார்கள், அதைத் தடுக்கத்தான் இந்தத் திருத்தம், 1998இலேயே மாநிலங்களவையின் நெறிமுறைக் குழு இதைப் பரிந்துரைத்தது என்பார்கள். உண்மைதான். ஆந்திரத்திலேயே அண்மை உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச் 23 அன்று சட்டமன்ற உறுப்பினர்கள் ரகசியமாக வாக்களித்து ஏழு சட்டமேலவை இடங்களை நிரப்பினார்கள். தெலுங்கு தேசத்தோடு நின்றவர்கள் 19 பேர். அதன் வேட்பாளர் பஞ்சுமர்த்தி அனுராதா 23 வாக்கு வாங்கி வென்றார். பணம் கைமாறியது என்று ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் குற்றம் சாட்டி நான்கு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தது, அவர்கள் மறுத்தார்கள். உண்மை எதுவானாலும் சந்தேகம் அழியவில்லை. ஆனால் கட்சி முகவரிடம் சீட்டைக் காட்டும் முறை பணத்தை நிறுத்திவிட்டதா? 2012 மார்ச் 30, ஜார்க்கண்டில் மாநிலங்களவைத் தேர்தல் நாள். ராஞ்சியில் ஒரு காரில் 2.15 கோடி ரூபாய் பிடிபட்டது. தேர்தலையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. திறந்த வாக்கு நடைமுறைக்கு வந்து எட்டாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கட்சி தாவி வாக்களிப்பதால் மட்டும் பதவி பறிபோகாது என்பதால், முகவர் பார்த்தாலும் வாங்கியவர் துணிந்து போடலாம். அதோடு, பணம் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. பெயரை எழுதும் இடத்துக்கே நேராகப் போக முடியும், அங்கே எந்த முகவரும் உட்கார்ந்திருப்பதில்லை.

என் கோரிக்கை ரகசிய வாக்குக்குத் திரும்புவது அல்ல. திறப்பதானால் முழுக்கத் திறக்க வேண்டும் என்கிறேன். எந்த உறுப்பினர் எந்த வேட்பாளருக்கு எத்தனையாவது விருப்பம் கொடுத்தார் என்பதை அன்று மாலையே பட்டியலாக வெளியிட வேண்டும். போட்டியில்லாத தேர்தலிலும் வாக்குப்பதிவு நடக்க வேண்டும். குறைந்தபட்ச வாக்கைப் பெறாதவர் தேர்வானதாக அறிவிக்கப்படக் கூடாது. அப்போதும் கட்சிக்குத் தெரியும், கட்சி மிரட்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், மிரட்டும். இந்தத் திருத்தத்தால் தலைமையின் பிடி ஒரே தேர்தலில் தளர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. இன்று அந்த உறுப்பினரை இழுப்பது ஒரே கயிறு. பட்டியல் வெளியானால் இன்னொரு கயிறும் அவர் இடுப்பில் இருக்கும், அதன் மறுமுனை தொகுதியில் இருக்கும். பலமனேரில் அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது, நீங்கள் ஏன் இன்னாருக்குப் போட்டீர்கள் என்று ஒருவர் கேட்கலாம். கட்சி சொன்னது என்பதுதான் பதில் என்றால், அந்தப் பதிலை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

மக்கள் கட்சியைப் பார்த்துத்தான் வாக்களித்தார்கள், 151 இடம் கொடுத்தார்கள், பிறகு கட்சி தேர்வு செய்வதில் என்ன தவறு என்பது இன்னொரு வாதம். 2019இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு விழுந்தது ஏறக்குறைய 50 சதவீத வாக்கு, தெலுங்கு தேசத்துக்கு 39. அந்தச் சட்டமன்றம் மூன்று தவணைகளில் 11 மாநிலங்களவை இடங்களையும் ஒரே கட்சிக்குக் கொடுத்தது. 2024 ஏப்ரலில் கனகமேடல ரவீந்திரகுமாரின் காலம் முடிந்தபோது, தொடங்கிய காலம் முதல் இல்லாத விதமாகத் தெலுங்கு தேசத்துக்கு அந்த அவையில் ஆளே இல்லை. அடுத்து 2024 தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வாங்கியது 39 சதவீதம். கிடைத்தது 11 சட்டமன்ற இடம். நான்கு மாநிலங்களவை இடங்களுக்குத் தேர்தல் என்றால் ஓர் இடத்துக்கு 36 பேர் வேண்டும். இனி அதற்கு ஒன்றும் வராது. விகிதாசார முறை என்று அரசியலமைப்பு எழுதிவைத்தது, 39 சதவீத மக்களை மாறி மாறிப் பூஜ்யமாக்கவா? சட்டமன்றத் தேர்தல் முறையின் கோணல் இது, மாநிலங்களவைத் தேர்தலால் மட்டும் நிமிர்த்த முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய பெரும்பான்மை ஒரே கட்சியிடம் சேரும் மாநிலத்தில், அந்தக் கட்சிக்குள்ளாவது உறுப்பினருக்கு ஒரு சொல் இருக்க வேண்டும் என்ற தேவை இதனால் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கட்சிதான் இடத்தின் சொந்தக்காரர் என்ற வாதம் 2024இன் பிற்பகுதியில் தானாகவே உடைந்தது. ஆகஸ்ட் 29 அன்று மோபிதேவி வெங்கடரமணாவும் பீடா மஸ்தான் ராவும், செப்டம்பரில் கிருஷ்ணையாவும் பதவி விலகினார்கள். டிசம்பரில் அதே இடங்களுக்கு மஸ்தான் ராவ் தெலுங்கு தேசத்தின் பெயரிலும் கிருஷ்ணையா பாரதிய ஜனதாவின் பெயரிலும் போட்டியின்றித் திரும்பி வந்தார்கள். மூன்றாவது இடத்துக்குச் சானா சதீஷ். கட்சி தாவினால் பதவி போகும் என்ற பத்தாவது அட்டவணை, முதலில் விலகிவிட்டு மறுபடி நிற்பவரைத் தொடாது. மக்களவை உறுப்பினர் இப்படிச் செய்தால் வெயிலில் வீதிவீதியாகப் போய் மக்களிடம் நியாயம் சொல்ல வேண்டும், தோற்கவும் கூடும். இங்கே ஒரு வாக்குகூட இல்லாமல் கொடி மாறியது. மாநிலங்களவை இடத்தைத் தானாக விட்டுக் கட்சி மாறியவர், அந்தத் தவணையின் மீதிக் காலத்துக்கு மறுபடி போட்டியிட முடியாது என்று ஒரு வரியைச் சட்டத்தில் சேர்ப்பது கடினமான காரியம் அல்ல. எல்லாக் கட்சிக்கும் அது ஒரு நாள் பயன்படும்.

இதை ஆந்திரத்தின் நோய் என்று எண்ணித் தமிழ்நாட்டு வாசகர் நிம்மதி அடைய இடமில்லை. 2024 மார்ச்சில் மக்கள் நீதி மய்யம் மக்களவைத் தேர்தலில் போட்டியிடாமல் தி.மு.க. கூட்டணியை ஆதரிப்பது, 2025இல் அதற்கு ஒரு மாநிலங்களவை இடம் தருவது என்று உடன்பாடு எழுதிக் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். 2019இல் அ.தி.மு.க. கூட்டணியில் பா.ம.க.வுக்கும் தி.மு.க. கூட்டணியில் ம.தி.மு.க.வுக்கும் அப்படியே. 2025 ஜூனில் தமிழ்நாட்டின் ஆறு இடங்களும் போட்டியின்றி நிரம்பின. தமிழகம் பெரும்பாலும் தன் ஊர்க்காரர்களையே அனுப்புகிறது, அது பெரிய ஆறுதல். ஆயினும் 234 பேர் வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டிய ஒன்றை ஓராண்டுக்கு முன்பே இரண்டு தலைவர்கள் உடன்பாட்டில் எழுத முடிகிறது என்றால், அந்த 234 பேருக்கு அங்கே என்ன வேலை?

அமெரிக்காவைப் போல மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அங்கும் 1913 வரை மாநிலச் சட்டமன்றங்கள்தான் செனட்டரைத் தேர்ந்தெடுத்தன. ஊழல் வழக்குகள் பெருகி, இல்லினாய்ஸின் வில்லியம் லாரிமர் தேர்வை 1912இல் செனட்டே செல்லாது என்று அறிவித்தபின் முறையை மாற்றினார்கள். அவர்கள் முறையை மாற்றினாலும், செனட்டர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற விதியை விடவில்லை. நேரடித் தேர்தல் நமக்கு இன்னொரு மக்களவையைத்தான் தரும், ஆந்திரம் முழுவதும் ஒரு தொகுதி என்றால் செலவும் அந்த அளவுக்கு இருக்கும். சட்டமன்றத்தின் வழியாக வருவதில்தான் மாநிலம் என்ற அலகுக்கு ஒரு குரல் இருக்கிறது. அந்த வழியை அடைத்துக் கிடப்பதை அகற்றினால் போதும்.

மேலே சொன்னவற்றில் பலவற்றுக்குச் சட்டத் திருத்தமோ விதித் திருத்தமோ வேண்டும். ஒன்றுக்கு எதுவும் வேண்டாம். மனுவைத் திரும்பப் பெறும் நாளுக்கு முன்பு ஆந்திரச் சட்டமன்றம் கூடும் வெலகபுடியில் ஒரு நாள் ஒதுக்கி, வேட்பாளர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் முன் அழைத்துக் கேள்வி கேட்கச் செய்யலாம். சட்டமன்ற நிகழ்ச்சிகளைப் போல அதையும் தொலைக்காட்சியில் காட்டலாம். கட்சிகள் ஒப்புக்கொண்டால் அடுத்த தேர்தலிலேயே முடியும். பழைய சித்தூர் மாவட்டத்து 14 பேருக்குக் கேட்க நிறைய இருக்கிறது. 1892 ஒப்பந்தம் முதல் இழுபறியாக உள்ள பாலாறு, குப்பம் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் போகிறது. அங்கே கட்டும் ஒவ்வொரு தடுப்பணையும் இரண்டு மாநில விவகாரம். 2025இல் தோத்தாபுரி மாம்பழம் விலை சரிந்து, கர்நாடகப் பழம் வரக்கூடாது என்று சித்தூர் எல்லையில் நிறுத்தியதும், அப்போது கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். மாநிலங்களின் அவை என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்ட சிக்கலைப் பேசத்தான். மண்ணவரத்தில் என்.டி.பி.சி.யும் பெல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கும் மின்கருவித் தொழிற்சாலைக்கு 2010 செப்டம்பர் 1 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். சொன்ன அளவில் அது எழவே இல்லை. ஆறாண்டுக்கு டெல்லி போகிறவரிடம் ஸ்ரீகாளஹஸ்தியின் உறுப்பினர் எழுந்து, அந்தத் தொழிற்சாலை ஏன் நின்றது, நீங்கள் யாரிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று கேட்கட்டும். மண்ணவரம் எங்கே இருக்கிறது என்று தெரியாத வேட்பாளர் ஒருவர் வந்திருந்தால், அது அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.